நிதானமா வாங்க

போன மாதம் ஒரு காலையில், நான் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் எனக்கு போன் செய்தாள். பள்ளியின் மின்னஞ்சலுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்திருக்கிறது, போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, பிள்ளைகளை வெளியே கூட்டிவந்துகொண்டிருக்கிறார்கள், பெற்றோருக்கு என்னவென்று அனுப்புவது என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி எழுது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று எழுது, எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று எழுது, அடுத்த செய்தி எத்தனை மணிக்கு என்று எழுது என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, உங்களுக்கு மட்டும் எப்படி அக்கா சட்டென்று வருகிறது என்று கேட்டாள். பழக்கம்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது முழுப் பதில் இல்லை. அவளுக்கும், பள்ளி அலுவலகங்களில் முன்மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் மீதிப் பதிலைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி தாம்பரம் கிழக்கில், இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒரு தெருவில் இருந்தது. விமானப்படைத் தளம் பக்கம் என்பதால் காலையில் பயிற்சி விமானம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் சேர்ந்தபோது மேஜையில் ஒரு போன், ஒரு பதிவேடு, ஒரு மணி. கம்ப்யூட்டர் பிறகு வந்தது. குறுஞ்செய்தி வந்தது, வாட்ஸ்அப் வந்தது. ஆனால் வேலை ஒன்றுதான். மதில் சுவருக்கு உள்ளே ஒரு பிள்ளை, வெளியே எங்கேயோ ஓர் அம்மா. இருவருக்கும் நடுவே நீங்கள்.

முன்மேசையில் இருப்பவருக்கு முகங்களைவிடக் குரல்கள்தான் அதிகம் தெரியும். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லும் அப்பாவின் குரல், உண்மையாகவே காய்ச்சல் என்று சொல்லும் அப்பாவின் குரல், இரண்டும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபோது சால்வை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் குரல்களை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மகேஸ்வரி என்று பெயர். தாம்பரம் சானடோரியம் பக்கம் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. வீடு இரும்புலியூரில். ஒரே மகள், தர்ஷினி. முதல் வகுப்பில் சேர்த்தார்கள். அந்தக் கம்பெனியில் வேலைக்கு உட்காரும்போது செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலையும் சாயங்காலமும் டீக்கு விடும்போது எடுக்கலாம். சாயங்காலம் அது சரியாக நாலு பத்து. எங்கள் வேன்கள் கிளம்புவது நாலு ஐந்து. ஆகவே தினமும் நாலு பத்துக்கு ஆபீஸ் போன் அடிக்கும்.

"பாப்பா வேன்ல ஏறிடுச்சாக்கா?"

"ஏறிட்டா."

"சரிக்கா."

அவ்வளவுதான். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நானூறு பிள்ளைகள் வேனில் போகிறார்கள், எல்லா அம்மாவும் இப்படிக் கூப்பிட ஆரம்பித்தால் என்ன ஆவது என்று நினைத்தேன். பாராமலே ஏறிவிட்டாள் என்று சொன்ன நாளும் உண்டு. பிறகு எப்போதோ, அந்தக் கேள்விக்கு நிஜமான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. நாலு மணிக்கே எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பேன். மஞ்சள் வேன், இடது பக்கம் மூன்றாவது சீட், இரட்டைப் பின்னல். பார்த்துவிட்டு வந்து போன் பக்கத்தில் உட்காருவேன். மூன்றரை வருஷம். நேரில் பார்த்தது நாலைந்து தடவைதான். ஆனால் அந்த வீட்டில் எப்போது யாருக்கு உடம்பு சரியில்லை, மகேஸ்வரியின் வீட்டுக்காரருக்கு லோடு ஆட்டோவில் எப்போது அடிபட்டது, தர்ஷினிக்கு எப்போது முதல் பல் விழுந்தது என்பதெல்லாம் அந்த "சரிக்கா"வுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு வரியாக வந்துவிடும். நானும் சொல்லியிருக்கிறேன். என் அம்மா இறந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, "உங்க குரலு ஒரு மாரி கீதே, இன்னாக்கா?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அறையில் என்னோடு இருந்த யாருக்கும் அது தெரியவில்லை.

தர்ஷினி நாலாம் வகுப்பு படிக்கும்போது அந்த நாள் வந்தது. ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. காலை ஒன்பதரைக்கு மின்னஞ்சலைத் திறந்தேன். வழக்கமாக வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களும் புத்தகக் கம்பெனிகளின் விளம்பரமும்தான் இருக்கும். அன்று பெயரில்லாத முகவரியிலிருந்து நாலு வரி. கட்டடத்துக்குள் வைத்திருக்கிறோம், மதியத்துக்குள் வெடிக்கும். படித்துவிட்டு நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? மறுபடியும் படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன். வேறு ஏதாவது அர்த்தம் இருக்காதா என்று பார்த்தேன். பிறகுதான் எழுந்து முதல்வரிடம் ஓடினேன்.

முதல்வர் பதற்றப்படவில்லை. போலீசுக்கு போன் செய்தார், பி.டி. மாஸ்டரைக் கூப்பிட்டார். தீயணைப்புப் பயிற்சி என்று சொல்லிப் பிள்ளைகளை வரிசையாக மைதானத்துக்கு இறக்கினார்கள். பையைக்கூட எடுக்கவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வகுப்பறைகள் காலி. போலீஸ் வந்து கட்டடத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வாட்ச்மேன் அறையில் ஒரு மேஜை கொடுத்தார்கள். ஆபீஸ் போனை வழக்கம்போல் என் செல்போனுக்குத் திருப்பிவிட்டேன்.

அப்போது தாளாளர் வெளியூரில் இருந்தார். போனில்தான் பேசினார். மிரட்டல் என்று எழுதினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடி வருவார்கள், அந்தத் தெருவில் நெரிசலில் யாராவது விழுந்தால் அதுவே பெரிய ஆபத்து, மின்சார வேலை என்று போட்டுவிடுங்கள் என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. எழுதினேன். 'மின் பராமரிப்புப் பணி காரணமாக இன்று பள்ளி முன்னதாகவே முடிகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது, இதைப் படித்தாலும் கூட்டம் ஒரே நேரத்தில் வரும் என்று தோன்றியது. அதனால் 'தங்கள் வசதிக்கேற்ப' என்று இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தேன். அந்த இரண்டு வார்த்தைகளை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

செய்தி போன சில நிமிஷங்களில் போன்கள் ஆரம்பித்தன. மின்சார வேலைதான், மின்சார வேலைதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்தாவது தடவை சொல்லும்போது அது எனக்கே உண்மைபோல் கேட்டது. பொய்யில் அது ஒரு வசதி, ஜாக்கிரதையாக இருங்கள். பத்தரை மணி வாக்கில் மகேஸ்வரி. காலை டீக்கு விட்டபோது லாக்கரில் செய்தியைப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, வேற ஒன்னும் இல்லியே?"

மற்றவர்கள் எப்போது வர வேண்டும், வேன் வருமா என்றெல்லாம் கேட்டார்கள். அவள் மட்டும்தான் இதைக் கேட்டாள். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். எனக்கு எதிரே நாலடி தூரத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். மோப்ப நாயை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்னும் இல்ல மகேஸ்வரி. கரண்ட் வேலைதான். நிதானமா வாங்க."

சரிக்கா என்றாள். சாப்பாட்டுக்கு விட்டதும் பர்மிஷன் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பதினொரு மணிக்கெல்லாம் டிவியில் வந்துவிட்டது. சில பள்ளிகளுக்கு ஒரே மாதிரி மிரட்டல், பெற்றோர் பதற்றம் என்று கீழே ஓடியது. நாங்கள் எந்த நெரிசலைத் தடுக்க நினைத்தோமோ அது இரண்டு மடங்காக வந்தது. செய்தி மட்டும் வந்திருந்தால் பயந்திருப்பார்கள். பள்ளி பொய் சொல்லியிருக்கிறது என்பதும் சேர்ந்து வந்ததால் கோபமாக வந்தார்கள். இதையே மறைத்தவர்கள் இன்னும் எதை மறைக்கிறார்களோ என்று ஓர் அப்பா கேட்டை உதைத்தார். உள்ளே பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று பி.டி. மாஸ்டர் தொண்டை கிழியச் சொன்னார். அது சத்தியமான உண்மை. யாரும் நம்பவில்லை. அந்த ஒரு மணி நேரம், எங்களிடம் இருந்த ஒரே உண்மைக்கும் மதிப்பில்லாமல் போயிருந்தது.

மகேஸ்வரி வந்தபோது மணி ஒன்று இருக்கும். கூட்டம் குறைந்திருந்தது. மைதானத்து வேப்பமரத்தடியில் இருபது பிள்ளைகள்தான் மீதி. தர்ஷினி ஓர் ஆசிரியையின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டடத்தை மூடிவிட்டதால் கழிப்பறைக்குப் போக முடியவில்லை. பெண் பிள்ளைகள் பலரும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். இவளால் முடியவில்லை. நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. குண்டு இருக்குமா, போலீஸ் எப்போது விடுவார்கள், தாளாளர் என்ன சொல்வார் என்றெல்லாம் யோசித்தோம்.

மகேஸ்வரி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. கால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நேராக என் மேஜைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"உங்க வார்த்தைய நம்பி சாப்ட உக்காந்தேன்க்கா. நாலு வாய் சாப்ட்டேன். டிவில ஸ்கூல் கேட்டக் காட்றான். வாயில சோறு கீது" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உங்ககிட்டயும் மறைச்சிட்டாங்களாக்கா?"

பக்கத்தில் பி.டி. மாஸ்டர் இருந்தார். அவர் திரும்பிக்கொண்டார். நான் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தி, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவள் மகளை இறக்காமலே ஒரு கையால் போட்டாள்.

அன்று சாயங்காலம் புரளிதான் என்று போலீஸ் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் பெருமூச்சு விட்டோம். நாலு பத்துக்கு ஜன்னலோரம் வேன் எதுவும் இல்லை.

தர்ஷினி அந்த வாரம் வரவில்லை. தேர்வு மட்டும் எழுதினாள். ஏப்ரல் கடைசியில் மகேஸ்வரி டி.சி. கேட்டு வந்தாள். வேறு யாராவது எழுதட்டும் என்று நான் நழுவியிருக்கலாம், ஆனால் அந்த வேலையும் என் மேஜையில்தான் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் பெற்றோர் விருப்பம் என்று எழுதினேன். அவள் எதிரே உட்கார்ந்து என் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஸ்கூல்ல யாரையும் நம்ப முடிலக்கா. நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்ககிட்டயே மறைச்சிட்டாங்க. போன்ல உங்க குரல் கேக்காதே, அது ஒன்னுதான் எனக்குக் கஷ்டமா கீது."

முத்திரை வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள்.

முதல் பொய்யை என்னைச் சொல்லச் சொன்னார்கள். எதிரே போலீஸ், காதில் போன், தெருவில் கூட்டம். அந்த நெருக்கடியில் தப்பாக முடிவெடுத்தேன் என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள முடியும். இரண்டாவதை என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஒரு நோட்டை நகர்த்தினேனே, அதற்கு எந்த நெருக்கடியும் இல்லை. டி.சி. எழுதிய அன்று அறையில் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வார்த்தையாக அவள் ஒன்றைச் சொன்னாள், அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஜூனில் பள்ளி திறந்தது. நாலு மணிக்குக் கால் தானாக ஜன்னலுக்குப் போகும். மஞ்சள் வேனில் மூன்றாவது சீட்டில் வேறு பிள்ளை. நாலு பத்துக்கு போன் அடித்தால் கை மற்ற நேரத்தைவிடச் சீக்கிரம் போகும். சீருடை எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்பார்கள்.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது, வாரத்துக்கு இரண்டு நாள் நான் மட்டும் போய் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அப்படி ஒரு நாள் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து மகேஸ்வரியின் எண்ணைத் தேடி அழைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. இரும்புலியூர் முகவரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கீழ் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், அவர்கள் காலி செய்துகொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் என்று நினைக்கிறேன் என்றாள். திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறும் வருஷத்தில் இரண்டாவது மிரட்டல் வந்தது. அதற்குள் எனக்குள் சில விஷயங்கள் தயாராக இருந்தன. முதல்வரிடம் அடம்பிடித்து, பக்கத்துத் தெருத் திருமண மண்டபத்துக்காரரிடம் முன்பே பேசி வைத்திருந்தோம். அங்கே பெண்கள் பக்கம் ஆறு கழிப்பறைகள். நான் நேரில் போய் எண்ணிவிட்டு வந்திருந்தேன். மண்டபத்துப் பின்வாசல் அகலமான தெருவில் திறந்தது. பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்ததும் என் செல்போனில் எழுதினேன்.

'இன்று காலை 9.20-க்குப் பள்ளிக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. போலீசார் பள்ளியைச் சோதிக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் நம் பக்கத்துத் தெருத் திருமண மண்டபத்தில் ஆசிரியர்களோடு இருக்கிறார்கள். மண்டபத்தின் பின்வாசலுக்கு வந்து அழைத்துச் செல்லலாம். உடனே வர முடியாதவர்கள் பதற வேண்டாம். நீங்கள் வரும்வரை நாங்கள் பிள்ளைகளோடு இருப்போம். அடுத்த செய்தி 10.30-க்கு.'

இந்தத் தடவை தாளாளர் அங்கேயே இருந்தார். படித்ததும் அவர் முகம் மாறியது. மிரட்டல் என்ற வார்த்தையை எடுத்துவிட்டுப் பாதுகாப்புப் பயிற்சி என்று போடுங்கள், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்றார். எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

"சார், அப்படி எழுதணும்னா வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க. நான் அனுப்ப மாட்டேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது சோதனைக்கு வந்திருந்த பெண் எஸ்.ஐ. ஒருவர் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பெயர்ப் பட்டையைக்கூட நான் பார்க்கவில்லை. பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார். "சார், உள்ள தேடறது எங்க வேலை. அத நாங்க பாத்துக்கறோம். பிள்ளை எங்க இருக்குன்னு அம்மாவுக்குச் சொல்றத எங்களால பண்ண முடியாது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தாளாளர் போனை என்னிடமே திருப்பி நீட்டினார். அனுப்புங்கள் என்றார்.

பெற்றோர் வந்தார்கள். பயந்துதான் வந்தார்கள். ஆனால் பின்வாசலுக்கு வந்தார்கள், வரிசையில் நின்றார்கள். பத்தரைக்கு, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, சோதனை நடக்கிறது, பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அனுப்பினேன். ஒன்றும் இல்லாததை எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்காதீர்கள். பத்தரை என்று சொன்னால் பத்தரைக்கு ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினொன்றரைக்கும் அனுப்பினேன். மதியம் புரளி என்று உறுதியானதும் அனுப்பினேன். எண் மாறிப்போய்ச் செய்தி சேராத வீடுகள் பதினெட்டு இருந்தன. அவற்றை வகுப்பாசிரியைகளிடம் பிரித்துக் கொடுத்து, பக்கத்து வீடு, வேன் டிரைவர் என்று யார் யாரையோ பிடித்துச் சொன்னோம்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் அஸ்தினாபுரத்திலிருந்து ஓர் அப்பா வந்தார். அவர் மனைவி நிறைமாதம். செய்தியைப் படித்துவிட்டு வாசற்படியிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். தாய்க்கும் சிசுவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருந்தால் என்ன செய்வீர்கள், கொஞ்சம் பக்குவமாக எழுதக் கூடாதா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் செய்தியை இன்னும் எப்படிப் பக்குவமாக எழுதியிருக்கலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வார்த்தையை மென்மையாக்கலாம், உண்மையை எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் இதுவரை எனக்குக் கிடைத்த பதில்.

அன்று கடைசிப் பிள்ளை போன பிறகு மண்டபத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறையப் பேர் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். அவற்றில் நான் எதிர்பார்த்த பெயர் வர வழியே இல்லை என்று தெரிந்தும் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன்.

இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். வீட்டு போன் அதிகம் அடிப்பதில்லை. என் மகள் பெங்களூரிலிருந்து ராத்திரி வீடியோவில் பேசுவாள். காய்கறிக்கும் மருந்துக்கும் தாம்பரம் மார்க்கெட்டுக்கே போகிறேன். பக்கத்திலேயே எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். பள்ளி விடும் நேரத்தில் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குவதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று யாரிடம் சொல்வது?

நாலு மாதத்துக்கு முன்பு அப்படித்தான் போயிருந்தேன். செங்கல்பட்டு வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "ஆபீஸ் அக்காதானே?" என்று ஒரு குரல். திரும்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

மகேஸ்வரி இளைத்திருந்தாள். காதோரம் நரை. கழுத்தில் வேறு கம்பெனியின் அடையாள அட்டை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலேயே சொந்தமாகச் சின்னதாக ஒரு வீடு கட்டிவிட்டார்களாம். தர்ஷினி பத்தாவது படிக்கிறாள், அம்மாவைவிட உயரம், கணக்கில் கெட்டிக்காரி என்றாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதே போதும் போலிருந்தது.

"இப்ப கீற ஸ்கூல்ல போன் பண்ணா மெஷின்தான் பேசுது. ஒன்ன அமுத்து, ரெண்ட அமுத்துன்னு. உங்கள மாரி யாரும் இல்லக்கா" என்றாள். "அன்னிக்கு உங்களையும் சேத்து ஏமாத்துனாங்க பாரு, அத நெனச்சாதான் எனக்கு இன்னிக்கும் ஆத்திரமா வரும்."

வண்டி வர எட்டு நிமிஷம் என்று பலகையில் காட்டியது. பேச்சை மாற்றியிருக்கலாம். தர்ஷினியின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். போன் நம்பர் வாங்கியிருப்பேன். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசியிருப்போம். இத்தனை வருஷம் நான் எதற்கு ஏங்கினேனோ அது அங்கேயே, கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளும் தூரத்தில் இருந்தது.

"இல்ல மகேஸ்வரி, என்னை யாரும் ஏமாத்தல" என்றேன். "எனக்குத் தெரியும். மெயிலை முதல்ல படிச்சதே நான்தான். அந்த மெசேஜை எழுதினதும் நான்தான். நீங்க போன்ல கேட்டப்போ எதிர்ல போலீஸ் நின்னுட்டிருந்தாங்க."

அவள் கைகள் உடனே விலகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. தோள்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடச் சொல்லி நோட்ட நீட்னீங்களே. அப்பவுமா?"

"அப்பவும்."

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டிக்காக எங்களைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் அவள்மேல் வைக்க வேண்டாம் என்று சும்மா இருந்தேன்.

வண்டி உள்ளே வரும்போது என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்க்கா. ரோடே கூடற மாரி கத்தியிருப்பேன். ஆனா பாப்பாவ அங்கியே வுட்டிருப்பேன். உள்ள ஒருத்தராவது நெசம் சொல்ற ஆள் கீறாங்கன்னு வுட்டிருப்பேன்."

பெண்கள் பெட்டி முன்னால் போய் நின்றது. அவள் வேகமாக நடந்து கூட்டத்தோடு ஏறினாள். ஜன்னலில் அவள் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

நான் போக வேண்டியதும் அதே வண்டிதான். ஏறவில்லை. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்வரை நின்றுவிட்டு, காலியாகியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.